மார்ச்சுக்கு மழை தெரியாது

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது காலியான இளநிலைப் பொறியாளர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். நல்ல பெண், மரியாதையாகத்தான் பேசினாள்.

“சார், பட்டினச்சேரிக்கு ரெண்டாவது கட்டம் வந்திருக்கு சார். புது மெசின். ஆனா அந்தத் தளத்தைக் காலி பண்ணி வாங்கணும். செல்வமணி அம்மா பேசவே மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு தரம் வந்து சொன்னீங்கன்னா கேப்பாங்க.”

“முதல் கட்டம் என்ன ஆச்சுன்னு தெரியுமாம்மா உனக்கு?”

“வெற்றிகரமா முடிஞ்சதுன்னுதான் சார் போட்டிருக்கு.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அந்தப் பெண்ணிடம் கத்தி என்ன பிரயோஜனம்? வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வெற்றிகரமாக முடிந்த அந்தச் சங்கதியை இங்கே எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் காரைக்கால் பக்கத்து வரிச்சிக்குடிக்காரன். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயல், எனக்கு ஒரு டிப்ளமா. வேலையில் சேர்ந்த ஆரம்ப வருஷங்களில் சாக்கடை கட்டினேன், சிறுபாலம் கட்டினேன், புயல் வந்தால் ரோட்டில் விழுந்த மரத்தை அறுத்துப் போட்டேன். நான் முனிசிபாலிட்டியில் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் காரைக்கால் பெரியவர்கள் சிலர், முனிசிபாலிட்டியை மேரி என்று சொல்கிற பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில், “மேரிக்காரத் தம்பி” என்றே கூப்பிட்டார்கள். மீனவர் ஊரான பட்டினச்சேரியில் மட்டும் நான் ஓவர்சியர். பதவி உயர்வு வந்த பிறகும் அங்கே ஓவர்சியர்தான்.

அந்த வருஷங்களில் எனக்குக் கோபம் அவ்வளவாக வந்ததில்லை. குப்பை வேலைக்கு என்னை மாற்றிய பிறகுதான் வர ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு பச்சைக் கூடை ஒன்று, நீலக் கூடை ஒன்று என்று அரசுப் பணத்தில் கொடுத்தோம். மக்கும் குப்பை இதில், மக்காதது அதில் என்று நானே தெருத்தெருவாகப் போய்ப் பெண்களுக்கு விளக்கினேன். அவர்களும் ஒழுங்காகப் பிரித்தார்கள். பிரித்து வைத்த இரண்டு கூடையையும் அள்ளிப்போக வந்ததோ ஒரே வண்டி, அதற்கு ஒரே வயிறு. என் மனைவி ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள்: “ரெண்டையும் ஒண்ணாத்தான் கொட்றான். அப்புறம் நான் எதுக்குங்க மெனக்கெட்டுப் பிரிக்கணும்?”

ஆபீசில் போய்க் கேட்டேன். கூடை வாங்கக் கணக்கில் செலவுத் தலைப்பு இருந்தது. வண்டிக்குள் ஒரு தகரத் தடுப்பு வைக்கத் தலைப்பு இல்லை. தலைப்பு இல்லாவிட்டால் அரசாங்கத்தில் ஒரு ஆணி வாங்க முடியாது. கூடைகள் இப்போது பல வீடுகளில் அரிசி வைக்கவும் கோழி அடைக்கவும் பயன்படுகின்றன. எங்கள் வீட்டு நீலக் கூடையில் துணி ஊறுகிறது.

அப்போது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் கோதண்டராமன். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் திருடர் இல்லை. கான்டிராக்டர் வாங்கிக் கொடுக்கும் டீயைக்கூடத் தொடமாட்டார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. நாம் உள்ளே போனால் எழுதுகிற பேனாவை மூடிவைப்பார், உட்காரச் சொல்வார், கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைப்பார், நாம் சொல்லி முடிக்கிறவரை ஒரு வார்த்தை குறுக்கே பேசமாட்டார். கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “நீங்க சொல்றது சரிதான்” என்பார். சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து, முன்பு எழுதிக்கொண்டிருந்த அதே வரியை விட்ட இடத்திலிருந்து எழுதுவார்.

சண்டை போடுகிற அதிகாரியிடம் சண்டை போடலாம். லஞ்சம் வாங்குகிறவர் மேல் மொட்டைக் கடுதாசியாவது போடலாம். சரிதான் என்று சொல்லிவிட்டுச் சரியில்லாததைச் செய்கிற மனிதரை என்ன செய்வது? அவருக்குக் கீழே வேலை பார்த்த காலமெல்லாம் வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் நான்.

இனி பட்டினச்சேரிக்கு வருகிறேன். கடற்கரையில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு சிமெண்டுத் தளம் உண்டு. செல்வமணியும் அவள் மகளிர் குழுப் பெண்களும் அதில் கருவாடு காயவைத்தார்கள். நெத்திலி, காரை, வாளை, எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. கருவாட்டுக்குத் தளம் என்பது சின்ன விஷயம் இல்லை. தளத்தில் காய்ந்தால் சமையலுக்குப் போகும், நல்ல விலை. மணலில் காய்ந்தால் கடித்த வாயில் மண் நெறுநெறுக்கும், வியாபாரி அதைக் கோழித் தீவனத்துக்கு என்றுதான் எடுப்பான். அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு வீட்டில் கடலுக்குப் போக ஆண்பிள்ளை இல்லை. தளம்தான் அவர்களுக்குப் படகு.

கிழிந்த வலையை அந்த ஊரில் யாரும் சும்மா எறிந்துவிட மாட்டார்கள். முதலில் ஈயக்குண்டைக் கழற்றுவார்கள், பிறகு மிதவை, பிறகு கயிறு. மிச்சம் இருக்கும் வலையில் நல்ல துண்டு காக்காய்க்குப் பயந்து கருவாட்டின் மேல் விரிக்கப்படும். இன்னும் கொஞ்சம் எங்கள் வரிச்சிக்குடிக்கு வந்து வைக்கோல் போரைப் போர்த்தும், கீரைப்பாத்திக்கு வேலியாகும். எதற்குமே ஆகாமல் நைந்துபோன நைலான்தான் கரையில் குவியும். அது மக்காது. கடலுக்குள் போனால் ஆமையைச் சுற்றும், படகின் அடியில் சுழலும் காத்தாடியில் சிக்கும். அந்தக் குவியலுக்கு ஒரு வழி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. அதற்கு அரசுப் பணம் போடுவதும் நியாயம்தான். லாபம் இல்லாத குப்பையைத் தனியார் எவனும் தொடமாட்டான்.

பணம் வந்தது. “சுழற்சிப் பொருளாதாரத்தை நோக்கி” என்று பலகை வந்தது. ஆலோசனைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தார். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, சமுதாயக் கூடத்துச் சுவரில் படம் காட்டினார்கள். வலையை வெட்டி, சூட்டில் உருக்கி, முறுக்கு அச்சில் மாவு வருகிற மாதிரி பிதுக்கி, துண்டு துண்டாக நறுக்கிக் குருணையாக்கும் எந்திரம். அந்தக் குருணையைக் கம்பெனிகள் வாங்கிக்கொள்ளும். எந்திரத்தை வைக்கக் கெட்டித் தரை வேண்டும். அந்தக் கரையில் கெட்டித் தரை என்று இருந்தது செல்வமணியின் தளம் ஒன்றுதான்.

“அப்ப நாங்க கருவாட்டை எங்க காயப்போடுறது?” என்று செல்வமணி எழுந்து கேட்டாள்.

கோதண்டராமன் கண்ணாடியைத் துடைத்தார். “நீங்க கேக்குறது சரிதாம்மா. ஆறு மாசம் பொறுத்துக்குங்க. எந்திரத்தை நடத்தப் போறதே உங்க குழுதான். குருணை வித்து வர்ற வருமானத்துல பக்கத்துலயே இதைவிடப் பெரிய தளமா போட்டுக்கலாம்.”

ஊர்ப் பஞ்சாயத்தார் தலையாட்டினார்கள். பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் செல்வமணி சரி என்றாள். ஆறு மாதம் மணலில் காய்ந்தால் போகிறது என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள்.

வெளியே வரும்போது அந்த லேப்டாப் தம்பியிடம், வலையை அலசத் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். அவர் கையை நீட்டிக் கடலைக் காட்டினார். “பக்கத்துலயே கடல் இருக்கே சார், தண்ணிக்கு என்ன பஞ்சம்?” வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மாசி மாதம் எந்திரம் வந்து இறங்கியது. பூட்டிக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சார், உப்பும் மண்ணும் மட்டும் உள்ள போகக் கூடாதுங்க. நல்ல தண்ணியில அலசி, காயவெச்சுப் போடுங்க. இல்லீன்னா உள்ள இருக்கிற திருகுதண்டு தேஞ்சு போயிருமுங்க.”

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? பட்டினச்சேரியில் பூமிக்குள்ளும் உப்பு. குழாயில் வருவது குடிக்கவே போதாது. லாரித் தண்ணீர் வாங்கத் தலைப்பு இல்லை. எங்கள் ஊர் வாய்க்காலில் அலசலாமா என்று சித்தப்பா மகனைக் கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “ஏண்ணே, சம்பா அறுத்துட்டு உளுந்து தெளிச்சிருக்கோம். உப்பு வலையைக் கொண்டாந்து எங்க வாய்க்கால்ல அலசுவேங்குறீங்களே, நல்லாருக்கா?” நல்லா இல்லைதான். அவன் கோபப்பட்டது நியாயம்.

பிறகு அந்தப் பெண்களோடு தோப்பில் உட்கார்ந்து பேசினோம். ஒருத்தி குளம் என்றாள், ஒருத்தி கோயில் கிணறு என்றாள், இரண்டுக்கும் ஊர் விடாது என்று மற்றவர்கள் அடக்கினார்கள். மழைக்கு விட்டால் என்ன என்று பேச்சு வந்தது. சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் எல்லாரும் வலையைப் பிரித்துப் பார்ப்பார்கள், ஆகாத வலை அப்போதுதான் குவியும். அதைச் சவுக்குக் கம்பு நட்டுத் தொங்கவிட்டால் காற்றில் மண் உதிர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை உப்பை இறக்கிவிடும். தை வெயிலில் காயும். பிறகு எந்திரத்தை ஓட்டலாம். செலவு, கம்புக்கு மட்டும்.

“அதுவரைக்கும் கருவாடு மணல்லதானே?” என்று கேட்டேன்.

“மணல்லதான்” என்றாள் செல்வமணி. “என்ன சார் பண்றது? அரசாங்கம் நம்மள நம்பி ஒரு பொருளக் கொண்டாந்து வெச்சிருக்கு. அதைக் கெடுத்துடக் கூடாதுல்ல?”

இந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். மணலில் காயவைத்து நஷ்டப்படுகிற பெண்ணுக்கு இருந்த பொறுப்பு அது. அதில் கால்வாசி எங்கள் ஆபீசில் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கோதண்டராமனிடம் போனேன். பேனா மூடப்பட்டது. கண்ணாடி கழன்றது. ஃபிட்டர் சொன்னதைச் சொன்னேன், தண்ணீர் இல்லாததைச் சொன்னேன், மழைவரைக்கும் பொறுத்தால் எந்திரம் பிழைக்கும், அந்தப் பெண்களும் பிழைப்பார்கள் என்றேன். முழுக்கக் கேட்டார்.

“நீங்க சொல்றது சரிதான். ஆனா மார்ச்சுக்கு மழை தெரியாதே. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள எந்திரம் ஓடிச்சுன்னு காட்டணும். குருணை வந்தாதான் பணத்தைச் செலவு பண்ணினதா சான்று அனுப்ப முடியும். இல்லாட்டி மிச்சப் பணம் திரும்பிப் போயிடும்.”

“ஓடி, கெட்டுப்போச்சுன்னா சார்?”

“அது அடுத்த வருஷத்துப் பிரச்சினை.”

பேனா திறந்தது.

வெள்ளோட்டத்துக்குப் பெரிய இடத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். எந்திரத்துக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கரையில் கிடந்த வலையை அப்படியே அள்ளிப் போட்டார்கள். உதறக்கூட இல்லை. நான் ஒரு வலையை எடுத்து இரண்டு கையாலும் உதறினேன். மணல் கொட்டியதைப் பார்த்து, வந்தவர்கள் மேல் படுகிறது, விடுங்கள் என்றார்கள். எந்திரம் ஓடியது. உள்ளே கல்லைக் கடிக்கிற சத்தம். செல்வமணி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். “என்ன சார் இது, சாவுற மாதிரி கத்துது?” என்று என் காதருகே கேட்டாள். கறுத்துப்போன குருணை ஒரு தட்டில் விழுந்தது. அதைக் கையில் ஏந்தி எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். கைதட்டினார்கள்.

அதன் பிறகும் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதே உப்பு வலையைப் போட்டு ஓட்டிக் காட்டியதில், தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போவதற்குள் எந்திரம் நின்றுவிட்டது. தண்டு தேய்ந்து, உருகிய நைலான் முன்னுக்கு வராமல் உள்ளேயே கருகியது. கெட்டது அந்த ஒரு உருப்படிதான். மோட்டார் நன்றாக இருந்தது, வெட்டுகிற கத்தி நன்றாக இருந்தது. தண்டை மட்டும் மாற்றினால் ஓடும். மாற்றிவிட்டு, அந்த வருஷத்து வலையை மழைக்குக் காத்து அலசிப் போட்டால் எல்லாம் நேராகிவிடும். கம்பு நட்டு வலையெல்லாம் வரிசையாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

விற்ற கம்பெனியைக் கேட்டால், உப்போடு ஓட்டியது உங்கள் தப்பு, உத்தரவாதம் செல்லாது என்றது. சொந்தமாக மாற்றலாம் என்றால், திட்டத்தில் எந்திரம் வாங்கத்தான் தலைப்பு. பழுது பார்க்கத் தலைப்பு இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழசைத் தூக்கிப் போடாதே, திரும்பப் பயன்படுத்து என்று ஊருக்குப் பாடம் சொல்ல வந்த திட்டம் அது. அதில் பழுது பார்க்கப் பணம் இல்லை. புதுசு வாங்க மட்டும் பணம் உண்டு.

வேறு கணக்கிலிருந்து எடுத்துச் செய்யலாம் என்று கோதண்டராமனே ஒரு வழி சொன்னார். அதற்கு மூன்று கம்பெனிகளிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும். அந்தத் தண்டைச் செய்கிறவன் இந்தியாவிலேயே ஒருத்தன்தான். ஒரு விலைப்புள்ளியோடு அனுப்பினேன், கோப்பு திரும்பி வந்தது. மற்ற இரண்டு எங்கே என்று கேட்டிருந்தார்கள். வேறு ஆள் செய்வதில்லை என்று எழுதினேன். வேறு ஆள் இல்லை என்பதற்குச் சான்று கேட்டார்கள். இல்லாத ஆளிடமிருந்து சான்று எப்படி வாங்குவது என்று கோதண்டராமனைக் கேட்டேன். சரிதான் என்றார்.

இதற்கிடையில் மழை வந்தது. கார்த்திகையில் நான் போனபோது தோப்பில் வலைகள் நனைந்து, தும்பைப்பூவாக வெளுத்துத் தொங்கின. செல்வமணி ஒரு நுனியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நானும் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. இரண்டு பேரும் எந்திரத்தைத் திரும்பிப் பார்த்தோம். அன்று அந்த ஆபீஸ் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பிறகு அவள் காரைக்காலுக்கு நடையாய் நடந்தாள். “பெரிய தளம் வேணாம் சார். எங்க பழைய தளத்தையாவது திருப்பிக் குடுங்க” என்று கோதண்டராமன் முன்னால் நின்றாள்.

“நீங்க கேக்குறது சரிதாம்மா. ஆனா அது மேல அரசாங்கச் சொத்து இருக்கு. எந்திரத்தை உபயோகமில்லன்னு கழிச்சாத்தான் எடுக்க முடியும். வாங்கி இத்தனை வருஷம் ஆகாம கழிக்க விதியில்ல.”

ஓட வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. செல்வமணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அன்று மாலை அவள் முதுகுக்குப் பின்னால், திட்டம் நிறைவு என்று முடித்துக் கையெழுத்தாகிப் போனது. பணம் செலவாகிவிட்டது, எந்திரம் நிறுவப்பட்டது, குருணை வந்தது. அதனால் வெற்றி. அந்த வெற்றிக்குப் பரிசாகத்தான் இப்போது இரண்டாம் கட்டம்.

கோதண்டராமன் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன். பெண்கள் பல வருஷம் மணலில் காயவைத்தார்கள். கோழித் தீவன விலைக்கு விற்றார்கள். இரண்டு பேர் பிழைப்பு தேடித் திருப்பூருக்கே போய்விட்டார்கள். பிறகு ஒருநாள் செல்வமணி யாரையும் கேட்காமல் தளத்தைக் கூட்டிக் கழுவி, எந்திரத்தைச் சுற்றி மிச்சம் இருந்த இடத்தில் நெத்திலியைக் கொட்டினாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமென்றால் யாராவது அங்கே வந்து பார்த்திருக்க வேண்டுமே!

நேற்று திவ்யாவோடு போனேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பெண்கள் கூடைகூடையாகக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். செல்வமணிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. “வாங்க ஓவர்சியர் சார்” என்றவள், திவ்யாவின் கையிலிருந்த ஆபீஸ் கோப்பைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தளத்தைக் குடுன்னு சொல்ல வரலம்மா” என்றேன். “குடுக்காதேன்னு சொல்லத்தான் வந்தேன்.”

திவ்யா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அவளிடம் சொன்னேன்: பழைய எந்திரத்துக்கு ஒரு தண்டு போதும். புதுசு வந்தாலும் மழையில் அலசாத வலையைப் போட்டால் அதே கதிதான். புதுசு வேண்டாம், பழசைச் சரிசெய்யப் பணம் கொடுங்கள், மார்ச்சுக்குள் ஓட்டச் சொல்லாதீர்கள், முதலில் இந்தப் பெண்களுக்கு இன்னொரு தளம் போடுங்கள். இதை மேலே எழுது.

அவள் பொறுமையாக, குறுக்கே பேசாமல், முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, “நீங்க சொல்றது சரிதான் சார்” என்றாள்.

“அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதேம்மா! முடியாதுன்னு சொல்லு, சண்டை போடறேன். எழுதறேன்னு சொல்லு, கூட நிக்கறேன். சரிதான்னு மட்டும் சொல்லாதே” என்று கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, அந்தக் காகிதத்தைக் கீழ வெச்சிட்டு இப்படி ஒரு கை புடி” என்று செல்வமணி ஒரு பழைய வலையின் முனையை அவளிடம் நீட்டினாள். நான் இன்னொரு முனையைப் பிடித்தேன். மூன்று பேருமாகக் கருவாட்டின் மேல் விரித்தோம்.

“எதுக்குங்க இது?” என்றாள் திவ்யா.

செல்வமணி தாடையால் எந்திரத்தைக் காட்டினாள். அதன் தலையில் காக்காய்கள் வரிசையாக உட்கார்ந்து கருவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

“முன்னாடியெல்லாம் அதுங்க சவுக்கு மரத்துலேருந்து வரணும். நடுவுலயே ஒக்காந்துக்க நீங்கதான் ஒண்ணு வாங்கிக் குடுத்தீங்க” என்றாள். “இப்ப ரெண்டாவது வருதாமே?”